குறி விழாத எண்கள்

மார்ச் 4

ஆய்வக இயந்திரத்துக்கு இன்று சர்வீஸ். மதுரையிலிருந்து வந்த என்ஜினீயர் காலை முழுவதும் அதைத் திறந்துபோட்டுத் துடைத்தார். முடிக்கும்போது, ஒவ்வொரு பரிசோதனைக்கும் கீழ் எல்லை, மேல் எல்லை எவ்வளவு வைக்கட்டும் என்று கேட்டார். பழையதையே வைக்கச் சொன்னேன். சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியேட்டினின், பெண்களுக்கு 0.5 முதல் 1.1 வரை. ஆண்களுக்கு 0.7 முதல் 1.3 வரை. சோதனைக்கான மருந்துப் பெட்டியோடு வரும் கையேட்டில் உள்ள எண்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இவைதான். எண் எல்லையைத் தாண்டினால் ரிப்போர்ட்டில் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் விழும். தாண்டாவிட்டால் விழாது. அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போடுவேன்.

47 மாதிரிகள். மதியச் சாப்பாடு கொண்டுபோகவில்லை. பசிக்கவும் இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஷைனி போன் செய்தாள். அம்மாவை டைரி எழுதச் சொல் என்று யாரோ ஒரு டாக்டர் அவளிடம் சொன்னாராம். சரி என்றேன். எழுதியிருக்கிறேன்.

மார்ச் 5

42 மாதிரிகள். வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை.

மார்ச் 11

தருவைவிளை உப்பளத்தில் வேலை பார்க்கும் பேராச்சி வந்திருந்தாள். வருஷத்துக்கு ஒரு முறை மருத்துவ முகாமில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பவள். இந்த முறை முகாமுக்குக் காத்திராமல் அவளாகவே வந்தாள். கால் வீக்கம், இடுப்பு வலி, அசதி. கிரியேட்டினின் 1.0. நட்சத்திரம் இல்லை. ஜன்னல் வழியாக ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, எனக்குப் படிக்கத் தெரியாது, என்ன போட்டிருக்கு என்று கேட்டாள். எல்லாம் நார்மல்தான் என்றேன். அப்புறம் கால் ஏன் வீங்குகிறது என்றாள். டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். டாக்டர் சுடலைமணி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, கிட்னி நன்றாக இருப்பதால், இடுப்புக்கு வலி மாத்திரை பதினைந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார்.

மோட்டார்க்காரர் வந்தார். வயர் அறுந்திருந்ததாம்.

மார்ச் 16

ஞாயிறு. ஆராதனைக்குப் போனேன். கொழுந்தன் வந்து அவர் பைக்கை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். எடுத்துக்கொள் என்றேன். சாவி எங்கே இருக்கிறது என்று தேட அரைமணி நேரம் ஆனது. அவர் சட்டைப்பையில் இருந்தது. சட்டை துவைக்காத சட்டை. மறுபடியும் மாட்டிவிட்டேன்.

மார்ச் 24

39 மாதிரிகள். வெயில் ஏறிவிட்டது.

ஏப்ரல் 2

காலை பதினொரு மணிக்குப் பேராச்சியைச் சுமை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். உப்பு வாரும்போது பாத்தியிலேயே விழுந்துவிட்டாளாம். கிரியேட்டினின் 6.8. நம்பாமல் மறுபடி ஓட்டினேன். 6.8. மூன்றாவது முறை 6.9. நட்சத்திரம் மூன்று முறையும் விழுந்தது. டாக்டர் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்ய அனுப்பினார்.

மூன்று வாரத்துக்கு முன் நார்மல் என்று கொடுத்தோமே என்று பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். நாலு வருஷம். 0.5. 0.7. 0.9. 1.0. ஒன்றிலும் நட்சத்திரம் இல்லை. நாலும் என் கையெழுத்து.

நாலு வருஷத்தில் இரண்டு மடங்காகியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் எல்லைக்குள்.

ஏப்ரல் 3

முகாம் பதிவேடுகளை எடுத்து உப்பளக்காரர்கள் அறுபது பேருடைய எண்களை வருஷவாரியாக எழுதினேன். பலருக்கும் படிக்கட்டு மாதிரி ஏறியிருக்கிறது. ஒரு பெயரை மட்டும் எடுக்கவில்லை. நேரம் ஆகிவிட்டது.

ஏப்ரல் 7

டாக்டர் சுடலைமணியிடம் தாளைக் கொண்டுபோய் வைத்தேன். என்னைவிடப் பதினாலு வயது சின்னவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கையேட்டைக் கொண்டுவரச் சொன்னார். இத்தனை வருஷமாக நான் புரட்டாத கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. எங்கோ குளிர்தேசத்தில் ஒரு நகரத்தில், ரத்ததானம் செய்ய வந்த ஆரோக்கியமானவர்களிடம் எடுத்த அளவு. சராசரி எடை எழுபத்தெட்டு கிலோ.

பேராச்சிக்கு முப்பத்தொன்பது கிலோ.

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு என்பது எனக்குத் தெரியாததா? டிப்ளமா முதல் வருஷத்தில் படித்தது. தசை குறைவாக இருந்தால் கழிவும் குறைவாகத்தான் வரும். அப்படிப்பட்ட உடம்பில் 1.0 என்பது நல்ல சிறுநீரகத்தின் எண் இல்லை. தெரிந்த இரண்டு விஷயங்களை நான் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவில்லை.

டாக்டர் மாத்திரை எழுதியதைப் பற்றிப் பேசவில்லை. அவர் முகம் சரியில்லை. கடைசியில், நம் ஊர் உடம்புக்கு நாமே எல்லை கண்டுபிடிப்போம் என்றார். இந்த வட்டாரத்தில் ஆரோக்கியமான பெண்கள் நூற்றிருபது பேர். முதலில் அது. பிறகு ஆண்கள். சரி என்றேன். வேலை இருப்பது நல்லதுதான்.

ஏப்ரல் 19

பெரிய வெள்ளிக்கு ஷைனி வந்திருந்தாள். இன்று போய்விட்டாள். மூன்று நாளும் அவள்தான் சமைத்தாள். அலமாரியில் அப்பா சட்டைகளை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டாள். பார்ப்போம் என்றேன். இதுவரை 22 பேரிடம் ரத்தம் எடுத்தாகிவிட்டது.

மே 6

71 பேர். மருத்துவமனையைச் சுற்றி எட்டு கிலோமீட்டர். படுத்த படுக்கையாக இல்லாதவர்கள், சர்க்கரை இல்லாதவர்கள், தாங்கள் நன்றாக இருப்பதாகச் சொல்பவர்கள். இதுதான் தேர்வு விதி.

மே 21

அவர் போய் இன்று ஓராண்டு. வீட்டில் ஜெபம் வைத்தார்கள். கொழுந்தன் கேசரிக்குச் சொல்லியிருந்தான். மதியத்துக்கு மேல் ஆய்வகம் போனேன். 18 மாதிரிகள்.

ஜூன் 3

நூற்றிருபதும் முடிந்தது. எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாக எழுதி, இரண்டு ஓரத்திலும் மூன்று மூன்று பேரை விட்டுவிட்டு நடுவில் இருப்பதை எடுக்க வேண்டும். உலகம் முழுக்க அப்படித்தான் இயல்பு நிலையைக் கணக்கிடுகிறார்கள்.

0.4 முதல் 1.5 வரை வந்தது.

சிறிய உடம்புகள். மேல் எல்லை இறங்கும் என்றுதான் நினைத்தோம். ஏறியிருக்கிறது.

ஜூன் 4

அளவுவாரியாக இல்லாமல் தொழில்வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தேன். பீடி சுற்றுபவர்கள், சத்துணவு ஆயாக்கள், வீட்டில் இருப்பவர்கள் யாரும் 0.8ஐத் தாண்டவில்லை. அதற்கு மேலே இருக்கும் முப்பத்தைந்து பேரில் முப்பத்துமூன்று பேர் உப்பளம்.

டாக்டர் இந்த முடிவை ஒரு மாநாட்டில் படிக்க ஆசைப்பட்டிருந்தார். தலைப்புகூட எழுதிவிட்டார். அவரிடம் போய், இந்த எல்லையை இயந்திரத்தில் வைக்கக் கூடாது என்றேன்.

"அக்கா, கணக்கு சரியாத்தான இருக்கு? வெளிநாட்டு அளவு நமக்கு ஆகாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா சார். ஆனா இதை வச்சா பேராச்சி ஒன்றரை வர்ற வரைக்கும் நார்மல்னு இயந்திரம் சொல்லும். அந்தப் புத்தகமாவது ஒண்ணு புள்ளி ஒண்ணுல நிறுத்துச்சு."

"நாம ஆரோக்கியமானவங்களைத்தான சேத்தோம்?"

"பேராச்சியும் மார்ச் மாசம் நடந்துதான் சார் வந்தா."

அவர் பேனாவை மூடி வைத்தார். "ஊர்ல பாதிப் பேருக்கு அப்படி இருந்தா, எதை வச்சுக்கா அதை நோய்னு சொல்றது?"

"நாம அதுக்கு என்ன பேரு வச்சாலும் சரி சார். கிட்னி அதுபாட்டுக்குப் போய்க்கிட்டுத்தான் இருக்கும்."

நான் அவரிடம் இவ்வளவு பேசியதில்லை. வெளியே வந்து சோதனைக்குழாய்களைக் கழுவினேன். கழுவ ஆள் இருக்கிறது.

ஜூன் 10

டாக்டர் கூப்பிட்டு, நீங்கள் சொன்னது சரி என்றார். மாநாட்டுக்கு அனுப்பவில்லையாம். ரத்தத்தின் எண்ணை மட்டும் நம்பாமல், ஒரு முழுநாள் சிறுநீரைச் சேகரித்து அளந்தால் சிறுநீரகம் எவ்வளவு சுத்திகரிக்கிறது என்று நேராகத் தெரிந்துவிடும். பழைய முறை. சிரமமானது. ஆனால் ஊருக்கு ஊர் மாறாது என்றார். முப்பது பெண்களுக்கு ஆளுக்கொரு இரண்டரை லிட்டர் கேன்.

ஜூன் 14

உப்பளத்துப் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருக்கும் தங்கக்கனியிடம் கேன்களைக் கொடுத்து விளக்கினேன். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து மறுநாள் ஆறு மணி வரை. ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது. எல்லாரும் தலையாட்டினார்கள். சிலர் சிரித்தார்கள்.

ஜூன் 17

முப்பது கேன்களும் வந்தன. அரை லிட்டர். அறுநூறு மில்லி. நானூறு. ஒன்றுகூட முக்கால் லிட்டரைத் தொடவில்லை. சரியாகச் சேகரிக்கவில்லை என்று நினைத்து, மறுபடி செய்யச் சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 20

இரண்டாம் முறையும் அதே அளவு.

ஜூன் 23

நானே போனேன். காலை ஐந்தரைக்குத் தங்கக்கனியோடு தருவைவிளை அளத்துக்கு. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது அந்தப் பக்கம் போய். கண்ணுக்கு எட்டும் மட்டும் பாத்தி. மரம் கிடையாது, புதர் கிடையாது. எங்கே நின்றாலும் எல்லாருக்கும் எல்லாரும் தெரியும். பாத்தி நீரில் கண்ணாடி மிதவையைப் போட்டு உப்பு இறங்கும் பதம் எத்தனை டிகிரி என்று பார்க்கும் வேலைக்கு இப்போது வேறு ஆள் வந்திருக்கிறார். மிதவை அதே மிதவை.

பன்னிரண்டரை வரை பெண்கள் உப்பு வாரினார்கள். தண்ணீர் பாட்டில் எல்லாரிடமும் இருந்தது. வாயைக் கொப்பளித்துத் துப்பினார்கள். யாரும் குடிக்கவில்லை. பத்து மணிக்கு வலி மாத்திரை ஒன்று கைமாறியது. அதற்கு மட்டும் ஒரு மடக்கு. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் பாட்டிலைத் திறந்தபோது தங்கக்கனி என்னைப் பார்த்தாள்.

"குடிச்சா எங்க போவீய?" என்றாள்.

நான் சுற்றிப் பார்த்தேன்.

"ஆம்பளைக வரப்புக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்னுருவாவ. நாங்க வீட்டுக்குப் போயித்தான். மொத நாளே சொல்லியிருப்போம். நீங்க கேக்கலையே."

ஆறு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிற ஒருத்திகூட அந்த வெயிலில் குடிக்காமல்தான் நின்றாள்.

முழுநாள் சிறுநீர் என்ற சோதனையைக் கண்டுபிடித்தவர் வேலை பார்த்த இடத்தில் கழிப்பறை இருந்திருக்கும். அந்தச் சோதனைக்குள் ஒரு கழிப்பறை இருப்பது புத்தகத்தில் எழுதப்படவில்லை. கேன்களில் இருந்தது தவறான அளவு இல்லை. அவர்களுடைய நாள் அவ்வளவுதான்.

ஜூன் 24

காய்ச்சல். லீவு. கொழுந்தன் மனைவி கஞ்சி கொண்டுவந்தாள்.

ஜூன் 27

அந்த அறுபது கேன்களையும் பிழை என்று ஒதுக்க இருந்தேன். கணக்குப் போட்டேன். குறைந்த சிறுநீரிலும் எவ்வளவு கழிவு வெளியேறுகிறது என்பதுதான் முக்கியம். முப்பதில் பதினொரு பேருக்குச் சிறுநீரகம் பாதி அளவுக்கும் கீழேதான் வேலை செய்கிறது. அந்தப் பதினொரு பேரில் எட்டுப் பேரின் ரத்த ரிப்போர்ட்டில் நட்சத்திரம் இல்லை.

டாக்டரிடம் கொடுத்தேன். அவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இனி அளத்துக்காரர்களுக்கு வலி மாத்திரை எழுத மாட்டேன் என்று சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஜூலை 2

மாலை ஐந்து மணிக்கு எல்லாரும் போன பிறகு விட்டுப்போன பெயரை எடுத்தேன். பொன்சிங், ஆண், உப்பளம், டிகிரி பார்ப்பவர். 47 கிலோ.

0.8. 0.9. 1.1. 1.2.

ஆண்களுக்கு மேல் எல்லை 1.3. நட்சத்திரம் இல்லை. கையெழுத்து தெளிவாக இருக்கிறது.

கடைசி ரிப்போர்ட்டை நான் வீட்டுக்கே கொண்டுபோனேன். சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அசதியாக இருக்கிறது, எமிமா, முழங்கால் வலி தாங்கவில்லை என்றார். கிட்னி எல்லாம் நார்மல், வலி மாத்திரையைப் போட்டுவிட்டு வேலைக்குப் போங்கள் என்றேன். மாத்திரையை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அது போன வருஷம் ஏப்ரல். பிறகு மே.

அலமாரியைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பால் திரிந்துவிட்டது.

ஜூலை 3

44 மாதிரிகள்.

ஜூலை 4

46.

ஜூலை 15

ரிப்போர்ட் மாறிவிட்டது. மென்பொருள் ஆளை வரவழைத்து டாக்டர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செய்ய வைத்தார். இனி எண்ணுக்குப் பக்கத்தில் கையேட்டு எல்லை மட்டும் இருக்காது. அதே ஆளின் பழைய எண்களும் எடையும் இருக்கும். ஒருவருக்கு அவருடைய பழைய அளவிலிருந்து பாதி அளவு ஏறினாலே நட்சத்திரம் விழும். யாரோடு யாரை ஒப்பிடுவது என்று இத்தனை மாதம் அடித்துக்கொண்டோம். அவரை அவரோடு ஒப்பிட்டால் போதும் என்று முடிந்தது. எல்லாருக்கும் பழைய எண் இருக்காது. முதல் முறை வருகிறவர்களுக்கு இன்னும் கையேடுதான்.

பழைய பதிவேட்டை இந்த முறையில் ஓட்டியதில் 31 பேருக்கு நட்சத்திரம் விழுந்தது. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பேர் வீதம் நானே போய்ச் சொல்கிறேன். சிலர் வீட்டில் உட்காரச் சொல்கிறார்கள். ஒருத்தி, வேலை நேரத்தில் வந்து பயமுறுத்தாதீங்க என்றாள்.

ஜூலை 29

தங்கக்கனியும் நாற்பது பெண்களும் அள முதலாளி வீட்டு வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்தார்கள். டாக்டர் கேன் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். இன்று தருவைவிளை அளத்தில் தகரம் அடித்து ஒரு கழிப்பறை எழும்புகிறது. பக்கத்து நாலு அளங்களில் இன்னும் இல்லை.

ஆகஸ்ட் 9

31 வீடுகளும் முடிந்துவிட்டன. பேராச்சி வீடு பட்டியலில் இல்லை. அவளுக்குச் சொல்ல ஒன்றும் மீதி இல்லை. இருந்தும் இன்று போனேன்.

வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். இடது கையில் ஊசி போடும் இடம் கயிறு மாதிரி புடைத்திருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழப் பார்த்தாள். வேண்டாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். நானும் கொஞ்ச நேரம் கீரை உருவினேன்.

பிறகு சொன்னேன். நாலு வருஷமும் அந்த எண் ஏறிக்கொண்டே வந்தது, நான் பார்க்கவில்லை, நார்மல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று. அவள் கை நிற்கவில்லை.

"நீங்க சரியில்லன்னு எழுதியிருந்தா, மாத்திரைய நிறுத்தியிருப்பேன். கொஞ்சம் முன்னாடி வந்திருப்பேன்" என்றாள். அடுத்த கொத்தை எடுத்துக்கொண்டு, "வேலைக்குப் போவாம இருந்திருக்க மாட்டேன். அதையும் சேத்து நீங்க சொமக்காதீய" என்றாள்.

நான் அப்போதே எழுந்து கிளம்பியிருக்க வேண்டும். எழவில்லை. வேறு யாரிடமும், ஷைனியிடம்கூடச் சொல்லாததைச் சொன்னேன்.

"அவிய ரிப்போர்ட்டும் நாந்தான் போட்டேன், பேராச்சி."

இப்போது அவள் கை நின்றது. "டிகிரி சாருக்கா?"

"ஆமா. மாத்திரையும் நாந்தான் எடுத்துக் குடுத்தேன்."

அவள் சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். பானையிலிருந்து பெரிய செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு, தளும்பாமல் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"அளத்துல இருந்த வரைக்கும் குடிக்கப் பயந்தேன். இப்ப நாளைக்கு அரை லிட்டருக்கு மேல குடிக்கக் கூடாதுன்னுட்டாவ. நாக்க நனைச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள். "நீங்க குடிங்க. மிச்சம் வைக்காம குடிங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

குடித்தேன். பானைத் தண்ணீர், நல்ல குளிர்ச்சி. அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் அழுகை வந்துவிட்டது. செம்பை வாயிலிருந்து எடுக்க அவள் விடவில்லை. அடியைத் தன் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். கடைசி மடக்கு வரை குடித்தேன்.